புழுங்கல் நெல்லுக்கு எழுதிய ஓலை

நலம் பெருகுக. நீர்நிலைகள் நிறைக.

மணிமுனைத் தீவின் தனிக்கோவும், நான்கு துறைகளின் காவலரும், பொன்விளை வயல்களின் தலைவருமாகிய மாமன்னர் கடம்பவேலரின் திருமுன்னர், தண்ணறை நாட்டை ஆளும் பொலங்குழைத் தேவியார் திருவாய் மலர்ந்தருளியபடி ஓலைநாயகம் எழுதியது. தங்கள் நாட்டில் மழை பிழையாதிருக்க. தங்கள் மரக்கலங்கள் கரை தவறாதிருக்க. தங்கள் களங்களில் நெல் குவிய. தண்ணறை நாட்டின் நலமும் கேட்டிருந்தீர்கள். அதற்கான விடை கீழே வருகிறது.

வைகாசித் திங்களில் தங்கள் அவை விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. விதைநெல் ஒரு மணியும் தீவை விட்டு வெளியேறாது என்பதும், உண்பதற்குப் புழுங்கல் நெல் தரப்படும் என்பதும், வெல்லம் இனித் தேவைப்படாமையால் அந்நெல்லுக்கு விலையாக ஏர் பழகிய எருதுகள் ஆயிரம் இணை வரவேண்டும் என்பதும் அதில் கண்ட விதிகள். விடை தருவதற்குத் தேவியார் நாற்பது நாள் எடுத்துக்கொண்டார். அந்தத் தாமதத்தின் காரணத்தை மறைக்காமல் எழுதுமாறு ஆணை. அயல்நாட்டரசருக்கு இவ்வளவும் எழுதத் தகுமோ என்று ஓலைநாயகம் எழுத்தாணியைத் தாழ்த்தி நிற்க, தீவின் ஒற்றர் இதற்குள் பாதியைச் சொல்லியிருப்பர், மீதியைப் பிழையின்றி நம்மிடமே அறியட்டும் என்று தேவியார் அருளினார்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், எங்கள் மறைந்த மன்னர் காலத்தில், இரு நாடுகளும் உடன்படிக்கை செய்தன. தண்ணறை நாடு கரும்பு பயிரிட்டு வெல்லம் அனுப்புவது. தீவு நெல் அனுப்புவது. ஒரு வேலி நெல்லின் விலையைப் போல் மூன்று மடங்கு ஒரு வேலிக் கரும்புக்குக் கிடைத்தது. அதை வகுத்தவர் வேளாண் அமைச்சர் பொறையூர்க் கிழான் காரிநம்பன். முறையறிந்தவர், எதையும் மூன்று முறை எண்ணிப் பார்ப்பவர். முதல் ஆண்டில் வந்த நெல் கப்பலின் ஈரத்தில் முளைகட்டிக் கெட்டதைக் கண்டு, இனி நெல்லை உமியோடு புழுக்கி உலர்த்தி அனுப்புமாறு தீவைக் கேட்டுக்கொண்டவரும் அவரே. புழுக்கிய நெல் முளைக்காது என்பதை அவர் அறியாதவர் அல்லர். முளைக்காமையே அன்று அவர் வேண்டியது.

வயல்கள் ஒவ்வொன்றாகக் கரும்புக்கு மாறின. நட்புக்கு அடையாளமாக மறைந்த மன்னர் தங்கள் தந்தையாருக்கு ஆயிரம் கரும்புக் கரணைகளை அனுப்பினார். அவை தங்கள் மண்ணில் நன்கு வளர்ந்தன என்பதைச் சென்ற தையில் தங்கள் துறைகள் எங்கள் வெல்லத்துக்கு அடைபட்டபோது அறிந்தோம். அதில் குறை சொல்லத் தேவியார் விரும்பவில்லை. தன் நாட்டு உழவரைக் காப்பது அரசர் கடமை.

இப்போது ஆலைகள் தோறும் வெல்லம் குவிந்து, வெயிலில் உருகி வழிகிறது. குழந்தைகளுக்குக் காலையில் வெல்லமும் தண்ணீரும், மாலையிலும் அவையே. அமைச்சர் ஊர் ஊராகச் சென்று அதைப் பங்கிட்டபோது, நெய்தலூரில் வெள்ளைச்சி என்னும் நடவுக்காரி, எறும்புகளுக்கு நல்ல அமைச்சர் வாய்த்தார் என்று அவர் காதுபடச் சொல்லி, பங்கையும் வாங்கிக்கொண்டாளாம். அமைச்சரே இதை அவையில் சொன்னார். சிரித்தவர் எவரும் இலர்.

ஆடி வருகிறது. விதைத்தால் தையில் சோறு. விதைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் தங்கள் வாயிலில் நிற்பது. ஆகவே தங்கள் ஓலை வந்த மறுநாளே காரிநம்பன் விதை தேடப் புறப்பட்டார். மேற்கே மலை, வடக்கே உவர்நிலம். நெல் விளையும் அண்டை நாடு வேறில்லை. முந்நூற்று நாற்பது ஊர்களின் குதிர்களைத் தட்டிப் பார்த்ததில் நாற்பத்தொரு நாழி பழைய நெல் கிடைத்தது. முளைகட்ட நீரில் இட்டதில் அந்து தின்ற உமி மட்டுமே மிதந்தது.

எஞ்சியது கோயில். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது கோபுரக் கலசங்களில் விதைநெல் நிரப்புவது இந்நாட்டு வழக்கம். பஞ்சத்தில் எல்லாம் அழிந்தாலும் உச்சியில் விதை இருக்கும் என்பது அதன் கருத்து. நெய்தலூர்ப் பெருங்கோபுரத்தில் ஏழு கலசங்கள். ஒவ்வொன்றும் மூன்று கலம் கொள்ளும். குடமுழுக்கு நடந்து ஒன்பதே ஆண்டுகள். இருபத்தொரு கலம் விதை இருந்தால், கைப்பிடி கைப்பிடியாகப் பெருக்கி நான்கு ஆண்டில் நாடு முழுவதும் விதைக்கலாம் என்று அமைச்சர் தேவியாருக்குக் கணித்துக் காட்டினார். அன்று ஒருநாள் மட்டும் அரண்மனையில் எல்லோரும் உரக்கப் பேசினோம்.

சாரம் கட்டிக் கலசங்களை இறக்கினர். பொன்னிறமான, பருத்த மணிகள். தேவியார் கையால் அள்ளிப் பார்த்தார். நாற்று விடத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று வெள்ளைச்சியை அழைத்திருந்தனர். அவள் ஒரு மணியை எடுத்து உமி நீக்கிக் கடித்தாள்; பிறகு அடுத்த கலசத்திலிருந்து ஒன்று. பச்சை நெல்லின் அரிசி சுண்ணாம்புபோல் உடையும். இது கண்ணாடிபோல் நொறுங்கியது.

"ஐயா, இது அவிச்ச நெல்லு. சோறு வேணா வடிக்கலாம்," என்றாள்.

ஏழு கலசங்களும் அப்படியே. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததைக் காரிநம்பன் அங்கேயே, அனைவரும் கேட்கச் சொன்னார். குடமுழுக்கு நாளில் உழவர் கொண்டுவந்த உள்ளூர் நெல் சிறுத்தும் கறுத்தும் இருந்ததாம். இறைவனுக்கு உயர்ந்ததே ஆகும் என்று எண்ணி, அரசுக் களஞ்சியத்துத் தீவு நெல்லைத் தாமே தேர்ந்து நிரப்பச் செய்தாராம். உழவர் கூடைகளைத் திருப்பி அனுப்பியதும் தாமே. அது புழுங்கல் என்பதை நிரப்பிய அன்றும் எண்ணவில்லை, இப்போது கணித்தபோதும் எண்ணவில்லை என்றார். அக்கூடைகளுள் ஒன்று வெள்ளைச்சியுடையது. அவள் அதைச் சொல்லவில்லை. அமைச்சரே நினைவுகூர்ந்து, அந்த நெல் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"கஞ்சி காய்ச்சிட்டோம், ஐயா. அந்த வருசம் எம் மவ பிள்ள பெத்திருந்தா."

அமைச்சர் தலையசைத்தார். அந்த இருபத்தொரு கலமும் அன்று மாலையே நெய்தலூரில் சோறாயிற்று.

அவை கூடியது. எருதுகளைக் கொடுத்தால், பிறகு எங்கிருந்தேனும் விதை வந்தாலும் உழுவதற்கு ஏர் இராது. நாட்டில் எஞ்சியவை அந்த ஆயிரம் இணையே என்று காரிநம்பன் முறையிட்டார். மக்கள் இன்னும் எத்தனை நாள் தாங்குவர் என்று தேவியார் கேட்டார். பத்தொன்பது நாள் என்றார். சற்று நின்று, குழந்தைகள் அவ்வளவு தாங்க மாட்டார்கள் என்று திருத்தினார். அதன்பின் எருதுகள் தரவேண்டிய ஊர்களின் பெயர்களை அவரே படித்தார்.

ஆதலால் தங்கள் மூன்று விதிகளையும் தேவியார் ஏற்றுக்கொள்கிறார். விதைநெல் குறித்து இனி வேண்டுகோள் வராது.

எருதுகளுடன் தாமும் கப்பலேறித் தீவில் ஏவலாளராக இருக்க அமைச்சர் இசைவு கேட்டார். தேவியார் மறுத்தருளி, வந்திறங்கும் புழுங்கல் நெல்லை வீடு வீடாக அளந்து கொடுக்கும் பணியில் அவரை அமர்த்தினார்.

எங்கள் நாட்டவர்க்கு ஆணை இது: நாவாய்த் தலைவர் எருதுகளை மூன்றாம் பிறைக்குள் ஏற்றுக. ஊர்த் தலைவர் இவ்வாடியில் ஏர் பூட்டும் விழாவை நிறுத்துக. தூதர் ஒருவரும் தீவின் அவையில் இதன்மேல் ஒரு சொல்லும் கூட்டாதிருக்க.

எருதுகளை ஒப்படைத்த உழவர் எழுதச் சொன்னது, முறையோ அறியோம், எழுதுகிறோம்: இவை குத்தி ஓட்டும் தாற்றுக்கோல் படாதவை. ஓட்டுபவர் நாவைச் சொடுக்கினால் நடக்கும். வாலைத் தொட்டால் திரும்பும். இடப்பக்கம் பழகியதை வலப்பக்கம் பூட்ட வேண்டா. இணை பிரித்தால் இரண்டு நாள் தண்ணீர் குடிக்காது. பெயர் சொல்லி அழைத்தால் வரும். இரண்டாயிரம் பெயர்களும் தனிக் கட்டாக இத்துடன் வருகின்றன.

ஆனி இருபத்தெட்டாம் நாள், ஆழிமுற்றத்து அரண்மனையில், தேவியார் திருமுன் படித்துக் காட்டி, நெற்கதிர் முத்திரை பொறித்துக் கட்டியது. கண்டவாறு நடக்க.