ஏரிக்கரைக் கணினிக்கு மெலிந்த மேலாளன் வேண்டி விடுத்த திருவோலை

மாரி வழங்குக, மதகு காலத்தில் திறக்க, கரைகள் உறுதி பெறுக.

நீர்மலை நாட்டையும் அதன் ஏரிகளையும் ஒரு குடைக்கீழ்ப் புரந்துவரும் அலர்மேனி மாதேவி, வேளம்பாடிச் சீமையை நம் ஆணைவழி ஆளும் அருமைத் தம்பி வெண்ணாகனுக்கு விடுத்த ஓலை. உன் கோட்டையும் குடிகளும் நலமே வாழ்க. கம்பியில்லா இணைப்பு இருக்க, அக்காள் பனையோலையில் எழுதுவதேன் என்று நீ சிரிப்பாய். சிரித்து முடித்தபின் மேலே படி.

நம் பெருந்துறை ஏரியின் கரைக்குடிலில் உள்ளங்கையில் அடங்கும் சிறு கணினி ஒன்று உண்டு. நாழிகைக்கு ஒருமுறை நீர்மட்டத்தை அரண்மனைக்குச் சொல்வதும், உனக்கும் நமக்கும் நடுவே செய்தி கடத்துவதும் அதன் ஊழியம். அதன் இணைப்பை மேலாண்டு வந்த மென்பொருளோ அரண்மனைப் பெருங்கணினிகளுக்கென ஆக்கப்பட்டது. நூறு வழிகளைக் காக்க வல்லது. ஏரிக்கரையில் இருந்ததோ ஒரே இணைப்பு, ஒரே கடவுச்சொல். அந்தப் பெரிய மேலாளன் நினைவகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க, நீர்மட்டச் செய்தி மூன்று நாழிகை தாழ்ந்து தள்ளாடி வந்து சேர்ந்தது. உன் ஏரிகளில் ஓடும், நினைவகம் சிறிதே கொள்ளும் மெலிந்த மேலாளனே இங்கும் போதும் என்று ஏரிக்காவலன் அழிசி விண்ணப்பித்தான்.

நம் பேரமைச்சர் மதிவாணராயரை நீ அறிவாய். இத்துணைச் சிறு வேலைக்குக் காவலன் ஒருவனைக் கலந்துகொள்வதாவது என்று எண்ணி, தாமே ஆணை வரைந்து அனுப்பினார். அழிசி அதை வரி பிசகாமல் நிறைவேற்றினான். அன்று உச்சி சாய்ந்தது முதல் ஏரியிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. வானமோ கொட்டத் தொடங்கிற்று.

தம்பி, அன்று நாம் பட்ட பாடு கொஞ்சமன்று. மதகை முழுதும் திறந்தால் கீழ்க்கரையின் நாற்பது வீடுகளில் நீர் புகும். திறவாதிருந்தால் கரையே உடையும். எவ்வளவு நீர் நிற்கிறதென்று தெரியாமல் எதை ஆணையிடுவது? அனுப்பிய குதிரை ஓடைவெள்ளம் கண்டு திரும்பிவிட்டது. ராயர் கையைப் பிசைந்துகொண்டு வாயிலுக்கும் மண்டபத்துக்குமாக நடந்தார். அந்நேரத்தில் அழிசி சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றான். கீழ்க்கரை மக்களை மேட்டில் ஏற்றிவிட்டு, ஓடையை நீந்திக் கடந்து, நீர்மட்டத்தைத் தன் வாயாலேயே சொல்ல வந்திருந்தான். கால்பங்கு மதகு திறக்கப்பட்டது. கரை நின்றது; ஓர் உயிரும் போகவில்லை.

பயம் தெளிந்ததும் ராயருக்குக் கோபம் வந்தது. ஒரு மென்பொருளை மாற்றத் தெரியாதவனுக்குக் குடில் எதற்கு, பதவி எதற்கு, அன்றே நீக்குக என்று அவையில் முழங்கினார். நடந்ததை உரைக்குமாறு அழிசியைப் பணித்தோம். பழைய மேலாளனை நீக்கியதாகவும், பின்னர்ப் புதியவனை வேளம்பாடியிலிருந்து தருவிக்க முயன்றதாகவும், தருவிக்க வேண்டிய இணைப்பு நீக்கப்பட்டவனோடே போயிற்றென்றும் சொன்னான். அவை சிரித்தது. எல்லாரினும் உரக்கச் சிரித்தவர் ராயர். புதியதை முதலில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுமென்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியுமே என்றார். தனக்கும் தெரியும் என்றான் அழிசி. தெரிந்தும் ஏன் செய்தாய் என்று நாம் இருமுறை கேட்டபின்னரே வாய் திறந்தான்.

"ஆணையில வரிசை அப்படித்தான் இருந்துச்சு, தாயே. வரிசைய மாத்துனா வேலை போயிடும்னும் இருந்துச்சு."

ஆணையைக் கொணரச் செய்தோம். முதல் வரி, பழையதை நீக்குக. இரண்டாம் வரி, அதன்பின் புதியதைத் தருவித்து நிறுவுக. மூன்றாம் வரி, இவ்வரிசையை மீறுவோன் பதவி இழப்பான். கீழே ராயரின் கையொப்பம், வழக்கமான நெளிவு சுளிவுகளோடு. அதை அவர் கையிலேயே கொடுத்தோம். படித்தார், மறுபடியும் படித்தார். முகம் தொங்கிவிட்டது. ஆயினும் தம்பி, அவரை நாம் மதிப்பது இதற்காகவே: பதவி இழக்க வேண்டியவன் அழிசி அல்லன் என்று அவரே அவையறியச் சொன்னார்.

ராயரின் பதவியைப் பறிக்க நமக்கு மனம் வரவில்லை. புதிய மேலாளன் வரும்வரை நாள்தோறும் காலையில் கரைக்கு நடந்து சென்று, நீர்மட்டத்தைத் தாமே கொண்டுவருமாறு பணித்தோம். எட்டு நாளாயிற்று. முதல் இரு நாள் முணுமுணுத்தார். இப்போது அழிசியின் குடிலில் அமர்ந்து கூழ் குடிக்கிறாராம். மதகு எப்படி ஏறுகிறது, எது எதன்பின் செய்யத் தக்கது என்று கேட்கிறாராம். நேற்று வரைந்த ஆணையில் அழிசியின் திருத்தங்கள் நான்கு இருந்தன.

ஆதலால், மெலிந்த மேலாளனின் படியொன்றைச் சேமிப்புக் கோலில் ஏற்றி, தக்க ஆள்வழி அனுப்புக. இது நம் ஆணை. மிக விரைந்த குதிரையில் அனுப்பச் சொல்லி எழுதுமாறு ராயர் நம்மை மன்றாடினார், எழுதுவதாக வாக்களித்தோம், இதோ எழுதிவிட்டோம். தாமரையிலை முத்திரை நம் கையால் இடப்பட்டது.

மழை விட்டுவிட்டது. குதிரை மெல்லவே நடந்து வரட்டும். ராயர் இன்னும் பேசிப் பார்க்காத ஏரிக்காவலர் பதினெழுவர் இருக்கின்றனர்.