இன்றைக்கு எத்தனாவது?

14.3.2005, திங்கள்

இன்றும் மிலான் ஹெட் ஆபீசிலிருந்து மெயில் "டியர் சிலாஸ்" என்றுதான் வந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று ஃபாரத்தில் வழக்கம்போல அப்பா பெயரை முதலில் எழுதினேன், சிலாஸ் கனகமணி என்று. அவர்களுக்கு முதலில் இருப்பதுதான் ஆளின் பெயர். ஆக, மாதாப்பூரில் ஐந்தாவது மாடியில், முப்பத்துநாலு வயதுப் பெண்ணாகிய நான், ரிட்டயரான கூட்ஸ் கார்டு சிலாஸாக உட்கார்ந்து ஐரோப்பாவின் சைக்கிள் பந்தய முடிவுகளை அவர்களுடைய வெப்சைட்டுக்கு டைப் அடிக்கிறேன். பெயரை மாற்றச் சொல்லி கம்ப்யூட்டரில் புகார் டிக்கெட் போட்டேன். "டியர் சிலாஸ், உங்கள் டிக்கெட் மூடப்பட்டது" என்று பதில்.

அப்பாவிடம் சொன்னால் சிரிக்கிறார். "முப்பது வருசம் ரயில்வேல எனக்கு ஒருத்தன் டியர்னு எழுதல. நீ வாங்கித் தாறியே பிள்ள, அது போதும்."

21.3.2005, திங்கள்

பழைய ஃபாக்ஸ் கட்டு வந்திருக்கிறது. இத்தாலியில் சின்னச் சின்ன ஊர்களில் நடந்த பந்தயங்கள். ஒரு நாளைக்கு நாற்பது தாள் முடிக்க வேண்டும். 2003 செப்டம்பரில் நடந்த ஒன்றில் முதலாவது வந்தவன் சவேரியோ பிராங்கோ. எங்கள் வீரர் பட்டியலில் தேடினால் இரண்டு பேர் நிற்கிறார்கள்: சவேரியோ பிராங்கோ, பிராங்கோ சவேரியோ. இரண்டு பேரும் இத்தாலிக்காரர்கள். முதல் ஆள் பெரிய கை, முப்பது வெற்றி.

நம் வீட்டில் எழுதுவது மாதிரி, தாளிலும் முதலில் இருப்பது குடும்பப் பெயரோ என்று ஒரு நிமிடம் இடித்தது. நிகிலிடம் கேட்டேன். எங்கள் டீம் லீட். என்னைவிட எட்டு வயது சின்னவன். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, தெலுங்கு, உருது என்று எல்லா மொழியையும் போட்டுக் கலக்குவான். "மேம், நம்ம வீட்டு லாஜிக் இங்க நக்கோ, வேணாம். எப்படி இருக்கோ அப்படியே எடுங்க." எடுத்தேன். நூற்றைந்து பேர் உள்ள தாள். சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது.

19.5.2005, வியாழன்

பட்டியலில் இருந்த அந்த இன்னொருவனை இப்போது முடிவுகளில் தினமும் பார்க்கிறேன். பிராங்கோ சவேரியோ, வயது இருபத்தேழு, பதுவா பக்கத்தில் ஏதோ கிராமம். இப்போது நடக்கிற மூன்று வாரப் பந்தயத்தில் இருக்கிறான். நேற்று 98ஆவது இடம். இன்று 112. இவன் வேலையே கூட்டத்துக்குப் பின்னால் போய்க் காரிலிருந்து தண்ணீர் பாட்டில்களை வாங்கி, பனியனுக்குள் திணித்துக்கொண்டு வந்து, தன் தலைவனுக்குக் கொடுப்பதுதானாம். தலைவன் ஜெயிப்பான். இவனுக்கு நூற்றுப் பன்னிரண்டு. இவன் பக்கத்தில் "வெற்றிகள்" என்ற கட்டத்தில் பெரிய பூஜ்யம்.

பார்த்ததும் பிடித்துப்போயிற்று. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. என் கட்டத்திலும் அதுதானே இருக்கிறது!

வீட்டில் சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன். அப்பா பிடித்துக்கொண்டார்.

"மொத்தம் எத்தன பேரு?"

"நூத்தி நாப்பத்தொண்ணு."

"அப்போ இவனுக்குப் பின்னால இருவத்தொம்பது பேரு இருக்கானுவல்லா. பெறவென்ன?"

24.5.2005

இன்று 131. அப்பா வாசலிலேயே கேட்டுவிட்டார்.

8.8.2006, செவ்வாய்

மழை. எம்.எம்.டி.எஸ். லோக்கல் ரயில் பரத் நகரில் முக்கால் மணி நேரம் நின்றது. மெட்டுகுடா வீட்டுக்கு நனைந்துகொண்டு வந்து சேர்ந்தால், அப்பா டவலை நீட்டிக்கொண்டே, "இன்னைக்கு எத்தனாவது?" என்கிறார். நான் சாப்பிட்டேனா என்றுகூடக் கேட்கவில்லை. எனக்குச் சுர்ரென்று வந்தது. "நடுவிலேயே இறங்கிட்டான், முடிக்கலை. போதுமா?" என்று கத்திவிட்டேன்.

அப்பா ரசத்தைச் சூடாக்கி வைத்தார். சாப்பிட்டு முடித்த பிறகு மெதுவாக, "நானும் காலமெல்லாம் கடைசிப் பெட்டியிலதானடி போனேன். வண்டி போய்ச் சேந்தா நானும் சேந்தேன். இறங்குனான்னா மேலுக்கு முடியாம இருந்திருக்கும்" என்றார்.

உண்மையில் இன்று அவன் 77. இந்த வருடத்தில் அதுதான் நல்ல இடம். கோபத்தில் பொய் சொல்லிவிட்டேன். நாளைக்குச் சொல்ல வேண்டும்.

9.8.2006

சொன்னேன். "எனக்குத் தெரியும், அவன் இறங்க மாட்டான்" என்கிறார். ஆளைப் பாரேன்.

3.11.2007, சனி

அப்பா போய்விட்டார். நேற்றுக் காலை, காபி குடித்துவிட்டு.

25.12.2007, செவ்வாய்

ஆராதனை முடிந்து எல்லோரும் கை குலுக்கினார்கள். நாலு வீட்டிலிருந்து கேக் வந்தது. தம்பி பிளஸ்ஸன் பெர்த்திலிருந்து போன் செய்தான். "அக்கா, தனியா அங்க என்ன பண்றே?" என்றான். வா என்று சொல்லவில்லை. நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் திரையில் "டியர் சிலாஸ்". பாத்ரூமுக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்றேன். இனி மாற்றச் சொல்லிக் கேட்கப் போவதில்லை. ஒருவராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும்.

30.4.2008

104. கேட்க ஆள் இல்லை.

2.3.2009, திங்கள்

ஊரெல்லாம் ஆள் குறைப்பு. எங்கள் மாடியில் இரண்டு வரிசை காலி, நாற்காலிகளை மட்டும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். இப்போது முடிவுகளோடு வாசகர் மெயிலுக்குப் பதில் போடுவதும் என் தலையில். பதில் எல்லாம் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணைத் தட்டினால் போகும்.

17.6.2009, புதன்

இன்று அவனே எழுதியிருக்கிறான்! நாலு வருடமாக நான் பின்னாலேயே போகிற பிராங்கோ சவேரியோ. மெஷின் மொழிபெயர்த்த இங்கிலீஷ்.

"நான் 2003 செப்டம்பர் 7 அன்று ஜெயித்தேன். என் ஒரே வெற்றி. உங்கள் பக்கத்தில் அது வேறொருவர் பெயரில் இருக்கிறது. இந்த வருடத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. புது டீம் தேடுகிறேன். மேனேஜர்கள் உங்கள் பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். தயவுசெய்து திருத்துங்கள்."

தேடிப் பார்த்தேன். அந்தப் பந்தயத்தில் ஜெயித்தது சவேரியோ பிராங்கோ என்று இருக்கிறது. அந்தப் பெரிய கை.

என்ன நினைத்தேன்? எழுதத்தான் வேண்டும். பாவம், வயது முப்பத்தொன்று ஆகிவிட்டது, பூஜ்யத்தோடு போய் நிற்க முடியாமல் பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். அவனுக்காக நான் வெட்கப்பட்டேன். ஏழாம் எண் பதிலைத் தட்டினேன்: "எங்கள் தகவல்கள் அனைத்தும் அதிகாரபூர்வ ஆவணங்களோடு சரிபார்க்கப்பட்டவை."

ஏழு மணி ரயிலில் ஜன்னல் சீட் கிடைத்தது. சந்தோஷப்படத் தோன்றவில்லை.

7.9.2009, திங்கள்

மறுபடி மெயில். இந்த முறை ஒரு வரிதான், ஒரு போட்டோ. கொட்டுகிற மழை, கோட்டைத் தாண்டி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு வருகிறான். முகமெல்லாம் சேறு. இடுப்புக்கு மேலே குத்திய நம்பர் துணி ஒரு பக்கம் பிய்ந்து பக்கவாட்டில் தொங்குகிறது. 87.

பழைய ஸ்கேனைத் தேடி எடுத்தேன். முதலாவது: சவேரியோ பிராங்கோ, நம்பர் 87. நம்பரை டைப் அடிக்க எங்களுக்குக் கட்டமே இல்லை, அதனால் யாரும் பார்ப்பதில்லை. கீழே இருக்கிற பெயர்களைப் படித்தேன். எல்லாமே குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். நூற்றைந்து பேருக்கும் அப்படித்தான்; மற்றவர்களுக்குப் பட்டியலில் ஒரே ஆள் என்பதால் சரியாக விழுந்துவிட்டது. நம் வீட்டு ரேஷன் கார்டு மாதிரி. அந்தப் பெரிய கை அதே நாளில் ஸ்பெயினில் நாலாவது வந்திருக்கிறான். அதையும் நாங்கள்தான் ஏற்றியிருக்கிறோம்.

பதிவு செய்தவர் என்ற இடத்தில் "SILAS K, 21.3.2005".

நான்தான். நான்தான் செய்திருக்கேன். எவன் பூஜ்யத்தப் பாத்து இவன் நம்மள மாதிரின்னு நெனச்சேனோ, அந்தப் பூஜ்யத்தப் போட்டதே நான்தான். அதுவும் அப்பா பேர்ல. என்னைச் சிலாஸ்னு கூப்பிடுறாங்கன்னு அத்தன நாள் மூக்கால அழுதேனே, அதத்தானே அவனுக்கும் செஞ்சிருக்கேன்? கேட்ட பெறவாச்சும் அந்தத் தாள எடுத்துப் பாத்தேனா? ஏழாம் நம்பரத் தட்டினேன். பொய் சொல்றான்னேன்.

8.9.2009, செவ்வாய்

நிகிலிடம் ஸ்கேனைக் காட்டினேன். கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"மேம், நாலு வருஷ எரர். இப்ப ஓப்பன் பண்ணா யார் பண்ணாங்கன்னு கேப்பாங்க. கான்ட்ராக்ட் ரினியூவல் டைம் இது. இங்க லிஸ்ட் ரெடியாகுது, தெரியும்ல?"

"அவனுக்கு இருக்கிறது அந்த ஒண்ணுதான் நிகில்."

"கைக்கு டென்ஷன், எதுக்கு? யாரோ ஒரு சைக்கிள்காரன். உங்க ரென்ட்ட அவனா கட்டப் போறான்?"

கெட்டவன் இல்லை. அப்பா இறந்தபோது ஆம்புலன்ஸுக்கு ஓடியவன் அவன்தான். அதனால்தான் அவனோடு சண்டை போடாமல் சீட்டுக்குத் திரும்பினேன்.

19.9.2009

திருத்தப் படிவத்தைத் திறந்தேன். மூடினேன். வேலை போனால் இந்த வயதில் எவன் எடுப்பான்?

10.10.2009, சனி

சீசனின் கடைசிப் பந்தயம். 121. டீம் எதுவும் இவனை எடுத்ததாகச் செய்தி இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, எத்தனாவது என்று அப்பா கேட்டால் இன்று என்ன சொல்வேன் என்று யோசித்தேன். 121 என்று சொல்லலாம். "ஒரு தரம் ஜெயிச்சிருந்தான், அத நான் எடுத்து வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்" என்று சொல்ல முடியுமா? செருப்போடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

12.10.2009, திங்கள்

அனுப்பிவிட்டேன். தாள், நம்பர், ஸ்பெயின் முடிவு எல்லாவற்றையும் வைத்து. "தவறு செய்தவர்" என்ற இடத்தில் கனகமணி என்று எழுதினேன். சிலாஸ் என் தந்தையின் பெயர், அவருக்கு இதில் சம்பந்தம் இல்லை என்றும் ஒரு வரி.

சாயங்காலம் சொந்த மெயிலிலிருந்து அவனுக்கும் எழுதினேன். தப்பு என்னுடையது, ஜூனில் பொய் என்று நினைத்ததும் நான்தான் என்று எழுதினேன். என் அப்பா சிலாஸ் தினமும் உங்கள் இடத்தைக் கேட்பார் என்றும் எழுதினேன். அப்பா இல்லை என்பதை டைப் அடிக்கப் போனேன், வரவில்லை. விட்டுவிட்டேன். அடியில் வீட்டு விலாசம் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியாது. அப்பா எழுதும் கடிதங்களில் எப்போதும் விலாசம் இருக்கும்.

14.10.2009

பக்கத்தைத் திருத்திவிட்டார்கள். பிராங்கோ சவேரியோ, வெற்றிகள்: 1. மிலானிலிருந்து மெயில்: "நன்றி, சிலாஸ்."

அவனிடமிருந்து பதில் இல்லை.

10.12.2009, வியாழன்

ஆள் குறைப்பு லிஸ்டில் இருக்கிறேன். பந்த் நடக்கிற நாள் என்று போனிலேயே சொன்னார்கள். நிகில் பேசவில்லை, ஹெச்.ஆர். பெண் பேசினாள். கடைசி நாள் ஜனவரி எட்டு. அந்தப் படிவத்தால்தானா என்று கேட்டேன். "நோ நோ, பிராசஸ் ரீ-அலைன்மென்ட்" என்றாள். நிகில் பாஷையில் ஹவ், ஹவ். ஆமாம், ஆமாம்.

8.1.2010, வெள்ளி

கிளம்பும் முன் கடைசியாக அவன் பக்கத்தைத் திறந்தேன். பெயருக்குக் கீழே "2000–2009" என்று போட்டுவிட்டார்கள். யாரும் எடுக்கவில்லை. பத்து வருடம், ஒரு வெற்றி, மூடியாயிற்று. ஜூனிலேயே திருத்தியிருந்தால்? தெரியாது. இனி எப்போதும் தெரியப் போவதில்லை. நிகில் லிஃப்ட் வரை வந்தான். அட்டைப் பெட்டியை அவனே தூக்கிக்கொண்டான்.

1.2.2010, திங்கள்

சனத்நகரில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் சேர்ந்தேன். சம்பளம் பாதி. பெயர் எப்படி எழுதணும் என்று கேட்டார்கள். எஸ். கனகமணி என்றேன்.

16.2.2010, செவ்வாய்

இத்தாலி ஸ்டாம்ப் ஒட்டிய கவர். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். உள்ளே ஒரு கடிதமும், மடித்த துணி ஒன்றும்.

கடிதம் "அன்புள்ள கனகமணி" என்று ஆரம்பிக்கிறது. அவனுடைய தங்கை இங்கிலீஷ் டீச்சராம், அவள் எழுதிக் கொடுத்தது. ஒரு டீம் மேனேஜர் எங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னது உண்மைதானாம். "மிகவும் கோபமாக இருந்தேன். அதனால்தான் இத்தனை மாதம் எழுதவில்லை. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது." இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். அவன் அம்மா அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து சமையலறையில் ஒட்டியிருக்கிறாள். "பத்து வருடத்தில் நான் எத்தனாவது என்று தினமும் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒன்று என் அம்மா. இன்னொருவர் இருந்தார் என்று எனக்கு இப்போதுதான் தெரியும். இதோடு அனுப்பியிருப்பது அவருக்கு."

துணியைப் பிரித்தேன். 87. மூலைகளில் ஊக்குத் துளைகள், ஒரு பக்கம் பிய்ந்திருக்கிறது. துவைத்தும் சேறு முழுதாகப் போகவில்லை. ஓரத்தில் பேனாவால் எழுதியிருக்கிறான்: திரு. சிலாஸ் அவர்களுக்கு.

ஐந்து வருடம் அந்தப் பெயரில் எனக்கு எத்தனையோ வந்தது. இது ஒன்றுதான் அப்பாவுக்கு வந்தது.

அவர் நாற்காலியின் முதுகில் துணியை விரித்துப் போட்டேன். டவலை நீட்டிக்கொண்டு அவர் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, சத்தமாகவே சொன்னேன்.

"முதலாவது, அப்பா. பின்னால நூத்தி நாலு பேரு."