சொந்த விருப்பத்தின் பேரில்

மார்ச் 3
நாலாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது. "சும்மா நின்னுடுச்சு" என்று காவலாளி சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். எங்கள் லிஃப்ட் கம்பெனி மேலாளர் (அலுவலகத்தில் அவருக்கு ஏன்சார் என்றுதான் பெயர்) சிவப்பில் அடித்துவிட்டார். "சும்மான்னு உலகத்துல எதுவுமே கிடையாதும்மா. ஏன் நின்னுது? அது ஏன்? அதுக்கு முன்னாடி ஏன்? போய்ப் பாரு." போய்ப் பார்த்தேன். கதவு மூடவில்லை. ஏனென்றால் சென்சாரில் தூசி. ஏனென்றால் மேல்மாடியில் சுவர் இடிக்கிறார்கள். ஆள் செய்த தப்பு என்றும் எழுதக்கூடாது. அந்த ஆளை அப்படிச் செய்ய வைத்தது எது என்று எழுத வேண்டும். எனக்குப் பிடித்த வேலை இது.

மாலை மருத்துவமனையிலிருந்து போன். தம்பிக்கு என் சிறுநீரகம் பொருந்துகிறதாம். அம்மா போனிலேயே அழுதாள். "உன்னப் பெத்தது வீண் போகலடி."
நான் இன்னும் சரி என்றே சொல்லவில்லை.

மார்ச் 5
தம்பி மேல் கோபம் கோபமாக வருகிறது. ரத்தக்கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரை வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தது. சிறுநீரகம் கெட்டதே அதனால்தான். தடிமாடு. ஏன் போடவில்லை? நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நினைத்தான். ஏன் நினைத்தான்? அப்பாவும் அப்படித்தான், டாக்டர் என்றாலே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அவர் ஏன் அப்படி? இப்படியே கேட்டுக்கொண்டு போனால் திட்டுவதற்கு ஓர் ஆள்கூட மிஞ்ச மாட்டேன் என்கிறது. இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

மார்ச் 9
ஒப்புக்கொண்டேன். இல்லை, ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது. நான் வாயைத் திறக்குமுன் எல்லோரும் நன்றி சொல்லி முடித்துவிட்டார்கள். அம்மா என் தட்டில் இன்னொரு முட்டை வைத்தாள். "உடம்பத் தேத்திக்கோ" என்றாள். யாருக்காகத் தேற்றச் சொல்கிறாள் என்று கேட்கவில்லை.

மார்ச் 17
கெடுத்துவிட்டேன்.
உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் மருத்துவமனைக் குழு முன்னால் உட்கார வைத்தார்கள். மூன்று பேர். "யாரோட வற்புறுத்தலும் இல்லாம, சொந்த விருப்பத்தின் பேர்லதான் குடுக்கறீங்களா?" ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். என் வாய் அடங்கியதா? "என் விருப்பம்னு எப்படி மேடம் சொல்றது? அம்மா அழறாங்க. அவன் காலு வீங்கிக் கிடக்கு. நான் அவனுக்கு அக்காவாப் பொறந்துட்டேன். இதுல எது என்னோடது?" பேனாவை மூடி வைத்துவிட்டார்கள். அனுமதி இல்லை, பத்து நாள் கழித்து மறுபடி வர வேண்டும்.

"ஆமான்னு சொல்ல வாய் வலிச்சுதா? லிஃப்ட் ரிப்பேராடி இது?" என்றாள் அம்மா. தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதுதான் தாங்கல. பொய் சொல்லியிருக்கணுமா? சொல்லியிருக்கணும். சொல்லித் தொலச்சிருக்கணும்டி.

மார்ச் 18
அம்மா இன்று என் தட்டில் முட்டை வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 20
குழுவில் இருந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "வேணாம்னா சொல்லிடுங்க. உங்க உடம்புக்கு ஒத்துவராதுன்னு வீட்ல நாங்க சொல்லிடறோம். அதுக்கு மேல யாரும் எதுவும் கேக்க முடியாது."
வெளியே வந்ததும் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது: சந்தோஷத்தில்.

மார்ச் 22
இப்போது என்னைத் தள்ள யாருமில்லை. அம்மாவின் அழுகை, சொந்தக்காரர்கள் பேச்சு, எல்லாம் கழன்றுவிட்டது. டாக்டரம்மாவுக்கு ஒரே ஒரு போன் போதும். எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன். நான் விலகினால் அவன் வேறு யாருடைய சிறுநீரகத்துக்கோ வரிசையில் நிற்பான். அவன் முறை வரும்வரை உடம்பு தாங்குமா? எனக்குக் கத்தி என்றாலே பயம். பயமாத்தான் இருக்கு, என்ன பண்ண?

ஏன்சாரிடம் கேட்டேன். "சார், எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருந்தா, நாமளா முடிவு பண்றதுன்னு ஒண்ணு இருக்கா?" டீயை ஊதிக்கொண்டே யோசித்தார். "எனக்கு லிஃப்ட்டப் பத்தித்தாம்மா தெரியும். என் பொண்டாட்டி ஏன் என்னக் கட்டிக்கிட்டான்னே இன்னிவரைக்கும் தெரியல."

மார்ச் 24
டயாலிசிஸ் அறை. தம்பியின் கையிலிருந்து குழாய் வழியே ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. "வேணாம்னா விட்டுடுக்கா. எனக்குக் கோவம் வராது. வந்தாலும் காட்ட மாட்டேன்" என்று சிரித்தான். இதுவும் என்னைத் தள்ளுவதுதானா? வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் உள்ளே போனேன். அவன் போர்வை நழுவியிருந்தது. பேசிக்கொண்டே இழுத்துவிட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 27
அதே மூன்று பேர், அதே கேள்வி. "விருப்பம் எங்கேருந்து வருதுன்னு எனக்கு இன்னமும் தெரியாது. ஆனா யாருக்கும் தெரியாமப் போயிட ஒரு வழி இருந்துது. ஒரு வாரமாத் திறந்தே கிடந்துது. நான் போகல" என்றேன். டாக்டரம்மா தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார்.
பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 16
ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் எழுத உட்கார முடிந்தது. தம்பியைச் சக்கர நாற்காலியில் என் அறைக்குக் கூட்டி வந்தார்கள். முகத்தில் நிறம் வந்திருக்கிறது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. அம்மா யார் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நடுவிலேயே நின்றாள்.
"ஏங்க்கா குடுத்த?"
"சும்மா."
"சும்மாவா!"
"சும்மாதான்டா. சிரிக்க வைக்காத, தையல் இழுக்குது."
ஏன்சார் பார்த்தால் சிவப்பில் அடித்திருப்பார். அடிக்கட்டும்.