சாத்தான் கன்னத்தில் ஒரு கறை

மார்ச் 3, செவ்வாய்

ஐந்தாவது ரீல். இன்றைக்கும் அதே கறை. மூன்று வாரமாக மனுஷி உயிரை வாங்குகிறது.

படம் பழசு, கறுப்பு வெள்ளை. எந்த வழக்கிலும் தோற்கக் கூடாது என்று ஒரு வக்கீல் தன் தூக்கத்தைச் சாத்தானுக்கு எழுதிக் கொடுக்கிற கதை. அதைச் சுத்தம் பண்ணி, வீட்டில் போட்டுப் பார்க்கிற டிஸ்க்காகக் கொடுக்க வேண்டும். ஸ்கேன் செய்த படத்தில் மெஷின் முதலில் தூசியை எடுக்கும். அது விட்டதை நான் ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் எடுப்பேன். பத்தொன்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. இந்தத் தடவை 'மேற்பார்வை' என்று டிஸ்க்கில் என் பேர் வரப்போகிறது. முதல் தடவையாக. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷம்தான்.

கறை சாத்தானின் இடது கன்னத்தில். ஒரு ஷாட்டில் துடைத்தால் அடுத்த ஷாட்டில் வந்து நிற்கிறது. இன்றைக்கு, வக்கீல் கையெழுத்துப் போட்டதும் அவன் கன்னத்துக்கே வந்துவிட்டது! அந்தக் காலத்து லேபில் எவன் எதைக் கொட்டித் தொலைத்தானோ.

மார்ச் 5, வியாழன்

ஒழிந்தது கறை. முதலாளி (எங்களுக்குள் அவர் பேர் 'அவசரம்') பின்னால் நின்று பார்த்துவிட்டு, "முகம் குழந்தை முகம் மாதிரி ஆயிடுச்சும்மா" என்றார். சாத்தானுக்கு எதற்குக் குழந்தை முகம் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். "முடிஞ்சதும் எனக்குப் போட்டுக் காட்டு" என்றாள். அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் ஸ்டூடியோவில் நடிகர்களுக்கு டோப்பா முடி கட்டுகிற வேலை பார்த்தவள். அப்பாவுக்குப் பிடிக்காது என்று அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் வாய் திறந்தபாடில்லை.

மார்ச் 8, ஞாயிறு

சோதனை டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காலை பத்து மணிக்கே அம்மா தலை வாரி, நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று கேலி பண்ணினேன்.

சாத்தான் வந்தான். அம்மா முன்னால் குனிந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி போட்டாள். கையெழுத்துக் காட்சி முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"என் ஈ எங்கடி?"

எந்த ஈ? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. படம் பாட்டுக்கு ஓட, அவள் சொல்லச் சொல்லத்தான்... இந்தப் படத்தில் வேலை பார்த்தபோது கறுப்பு நூலையும் மெழுகையும் உருட்டிச் செய்தாளாம். இறக்கைக்கு வெங்காயத் தோல். மொத்தம் ஆறு ஈ. சாத்தான் கன்னத்தில் ஈ உட்கார்ந்திருக்கும், அவன் ஒரு தடவைகூட விரட்ட மாட்டான். வக்கீல் கையெழுத்துப் போட்ட நிமிஷம் அது இவன் கன்னத்தில். இவனும் விரட்ட மாட்டான். ஆள் கதை முடிந்தது என்று அப்போதுதான் தெரியும். வசனமே கிடையாதாம்.

"அந்தப் படத்துல நானா செஞ்சது அது ஒண்ணுதான். பேருகூடப் போடல. ஈயாவது இருக்கும்னு நெனச்சேன்."

"மெஷின் தூசின்னு நெனச்சு எடுத்திருக்கும்மா" என்றேன். பொய். பச்சைப் பொய்.

டிவியை அணைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். மத்தியானம் சாப்பிடவும் வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

பத்தொன்பது வருஷம்! நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்குக்கூடத் தெரியும் — தூசி ஒரு ஃபிரேமில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. முகம் திரும்பினால் கூடவே திரும்புகிற தூசி எந்த ஊரில் இருக்கு? நின்னு ஒரு கேள்வி கேட்டேனா? திட்டிக்கிட்டே துடைச்சேன். அறிவு எங்கே போச்சு?

முதல் ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கால் இருக்கிறது. இறக்கை இருக்கிறது. ஆனால் அந்த ஸ்கேனையே திரும்பப் போட்டால் பழைய தூசி, கீறல் எல்லாம் கூடவே வரும். ஏழு நிமிஷக் காட்சிகள், பத்தாயிரம் ஃபிரேம். ஈயை விட்டுவிட்டுச் சுற்றிலும் முதலிலிருந்து துடைக்க வேண்டும்.

அவசரத்திடம் சொன்னேன். மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை. (சிரிக்கிற நேரமா இது?)

"ஒரு ஈக்காக பத்து நாள் கேக்குறியே, யாரும்மா பாக்கப் போறாங்க?"

"எங்கம்மா பாத்தாங்க சார்."

"அவங்க ஒருத்தர்தானே!"

மார்ச் 10, செவ்வாய்

காலையில் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது. பத்து நாள் தருவாராம். ஆனால் படத்தின் உரிமைக்காரர்களுக்குத் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும் இல்லையா? அதனால் 'தவறு முழுக்க என்னுடையது' என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்தவள் பேரை மேற்பார்வை என்று எப்படிப் போடுவது? "நீயே சொல்லும்மா" என்றார்.

தப்பு என்னுடையதுதான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனா மெஷினை முழு வேகத்துல ஓட்டச் சொன்னது யாரு? 'சும்மா நோண்டிட்டே இருக்காம முடி'ன்னு தினம் மூணு தடவை வந்து நின்னது யாரு?

படத்தில் சாத்தானாவது நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறான். இவர் நிற்க வைத்தே கையெழுத்து வாங்கினார். அவர் பேனா வேறு எழுதவில்லை, மூன்று தடவை உதறினேன்.

போட்டுவிட்டேன்.

மார்ச் 14, சனி

நாலாயிரம் ஃபிரேம். கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மெஷின் இல்லை, நான்தான், என் கையால்தான் என்று. காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை நாளாச்சு எடுக்க?"

"மூணு வாரம். லேசுல போகல."

"பின்னே? ஒட்டினது யாரு?"

அந்த மூஞ்சியில் ஒரு பெருமை! நான் அழுவதற்குத் தயாராக நிற்கிறேன், இவளைப் பாரு.

மார்ச் 20, வெள்ளி

கொடுத்தாயிற்று. தூங்க வேண்டும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

டிஸ்க் வந்தது. மேற்பார்வை என்ற இடத்தில் அவசரத்தின் பேர். அவருக்கு ரீல் எந்தப் பக்கம் சுற்றும் என்றே தெரியாது! நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அம்மா ஈ வந்தவுடன் எழுந்து டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றாள்.

"ஒரு கால் கோணலா இருக்கே."

"அது நீ செஞ்சதும்மா!"

"தெரியும்" என்றாள். படம் முடிகிறவரை உட்காரவே இல்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

அவசரம் ஒரு புகார்க் கடிதத்தை அனுப்பி, போன் வேறு பண்ணினார். "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன். மேற்பார்வைன்னு என் பேரு இருக்கு, என்னைக் கேக்குறாங்க. நீயே பதில் எழுதிக் கொடு." பேர் அவருக்கு, பதில் நான் எழுதணும்!

கடிதத்தை ஆத்திரத்தோடு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "படம் அருமையாக இருந்தது. ஆனால் எங்கள் டிவி மேல் ஈ உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்து மூன்று தடவை துண்டால் விரட்டினேன். என் மனைவி எழுந்து போய்த் தட்டியே பார்த்தாள். பிறகுதான் தெரிந்தது, அது படத்தில் இருக்கிறது. இவ்வளவு சுத்தம் செய்தவர்களுக்கு அந்த ஒரு ஈயைத் துடைக்க முடியவில்லையா?"

அம்மா டிவியைத் திரும்பிப் பார்த்தாள்.

"துண்டாலயா விரட்டினாரு?"

"ஆமாம்மா."

"மூணு தடவையா?"

"அப்படித்தான் எழுதியிருக்கார்."

"எங்கே, முதல்லேர்ந்து படி."

படித்தேன். அந்த மனைவி தட்டிப் பார்த்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை. அவசரத்தின் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, பதில் ஒரு வரிகூட எழுதவில்லை. நாலு தடவை வாசித்தாயிற்று. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஐந்தாவது தடவை கேட்கிறாள்.