கையுறைக் கடையில் கேப்டன்

பாத் நகரம்,
மார்ச் 9, 1894

மதிப்பிற்குரிய திரு. டப் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்றரை வருடமாக 'அன்புள்ள கேப்டன் ஹாதர்சேஜ்' என்றே எழுதிப் பழகிய கை, இந்தப் பெயரை எழுதத் தயங்குகிறது. நலமா? நேற்று மிகவும் வெளிறிப் போயிருந்தீர்கள்.

பிரிஸ்டலில் கையுறை வாங்க வேண்டும் என்று என் எஜமானி திருமதி ப்ரோதரோ புறப்பட்டபோது, கடை மேசைக்குப் பின்னால் நீங்கள் நிற்பீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. "டப், ஆறேகால் அளவை எடுங்க!" என்று உங்கள் முதலாளி கத்தினார். அதே சமயம் என் எஜமானியும், "ஆஸ்க்யூ, என்ன மரம் மாதிரி நிக்கிற? பையைப் பிடி!" என்றார். இருவர் குட்டும் ஒரே நிமிடத்தில் உடைந்தது.

ஆம், நான் சம்பளத்துக்குத் துணையிருப்பவள். ஸ்கார்பரோ கடற்கரையில் நாம் பழகிய அந்த ஒரு வாரம் நீங்கள் புகழ்ந்த பட்டு உடை எஜமானி கழித்துப் போட்டது. கடிதங்களில் நான் பெருமையாக எழுதிய ரோஜாத் தோட்டமும் அவருடையதுதான். வயது முப்பத்திரண்டு இல்லை, நாற்பத்தொன்று.

உங்கள் கப்பல் எந்தக் கடலில் இருந்தாலும் கடித உறையில் பிரிஸ்டல் தபால் முத்திரைதான் இருக்கும். கவனித்தேன், கேட்கவில்லை. கேட்டால் நீங்களும் தோட்டத்தைப் பற்றிக் கேட்பீர்களே! ஆனாலும் நீங்கள் எழுதிய புயலிலிருந்து நீங்கள் தப்ப வேண்டும் என்று இரண்டு இரவுகள் மண்டியிட்டு ஜெபித்தேன். இந்த வீட்டில் நான் கவலைப்பட வேறு யாரும் இல்லை. எனக்காகக் கவலைப்படவும் ஆளில்லை.

கிளம்பும்போது என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஏதாவது வேணுங்களா, மேடம்?" என்று கேட்டீர்கள். "அவளுக்கு எதுக்குக் கையுறை!" என்று எஜமானி சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. முதலாளி முறைத்தும், வாசல்வரை வந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டீர்கள். எந்தக் கடையிலும் என்னை யாரும் 'மேடம்' என்று அழைத்ததில்லை. ரயிலில் எஜமானி தூங்கியதும் அழுதேன். கோபத்தில் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து ஐந்துவரை எனக்கு ஓய்வு. இங்கே பாத்தில் ஆற்றுப் பாலத்தருகே இருப்பேன். பழைய சாம்பல் நிறக் கோட்டில் வருவேன். வேறு கோட்டு இல்லை. நீங்களும் கடைக்குப் போகிற உடுப்பிலேயே வாருங்கள்.

வர மனம் இல்லாவிட்டால் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கடலிலிருந்தே எழுதினாலும் சரி.

கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும்
வினிஃப்ரெட் ஆஸ்க்யூ