ஏ, கியூ போட்ட ஷேர் ஆட்டோ

நேற்று சாயங்காலம் அடுப்பில் பால் வைத்துவிட்டு நின்றிருந்தேன். மகள் செல்போனோடு வந்து, "அம்மா, ஜே, டி, ரெண்டும் வர்ற மாதிரி ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்லுங்க" என்றாள். திரும்பாமலே "ஜாக்கெட்" என்றேன். அசந்துபோனாள். அவளிடம் ஒரு வெப்சைட் இருக்கிறதாம். எழுத்தைப் போட்டால் வார்த்தைகளைக் கொட்டிவிடுமாம். காட்டினாள், பாதி என் வாயில் நுழையவில்லை. நீ இருந்தால் அந்த வெப்சைட்டோடு சண்டைக்கே போயிருப்பாய்.

அப்போது நாம் இருவரும் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று நமக்குக் கால் வீங்கியிருக்கும். தர்மபுரியிலிருந்து பென்னாகரத்துக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து வருகிற அந்த ஒரு மணி நேரம்தான் நமக்குச் சொந்தம். கூட்டுறவுச் சங்க எழுத்தர் பரீட்சைக்கு இருவரும் படித்துக்கொண்டிருந்தோம். தமிழ் வழியில் படித்தவர்கள், இங்கிலீஷ் என்றாலே நமக்கு உதறல். எதிரே வரும் வண்டியின் நம்பர் பிளேட்டில் எண்களுக்கு நடுவே இருக்கிற இரண்டு எழுத்தும் வருகிற வார்த்தையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று விளையாட்டை ஆரம்பித்தது நீ. எழுத்து முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் ஒரு தரமாவது நாமே வாயால் பேசிய வார்த்தையாக இருக்க வேண்டும், அது உன் சட்டம். நான் டிக்‌ஷனரியில் ஒரு பெரிய வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து சொன்ன அன்று, "இத யாருகிட்டடி பேசின, உங்கூட்டு எருமைகிட்டயா?" என்று கேட்டாய். முன் சீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

பரீட்சையில் இரண்டு பேரும் தேறினோம். சான்றிதழ் சரிபார்ப்பும் ஒரே நாளில் வந்தது. வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடுகிறேன் என்று அப்பா சொல்லியிருந்தார். இல்லையென்றால் அந்த மாதமே நிச்சயம். இதெல்லாம் உனக்குத் தெரியும். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினோம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வண்டி நம்பரை மஞ்சள் பெயின்ட்டில் எழுதியிருந்தார்கள். ஏ, கியூ. நீ உடனே "ஈக்வல்" என்றாய். அதை எப்போது பேசினாய் என்று மடக்கினேன். "கணக்குல ஈக்வல் டூ சொல்லாமயா பத்தாவது பாஸ் பண்ண?" என்றாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆபீஸ் வாசலில் இறங்கியும் அதே யோசனை. ஆட்டோ போய்விட்ட பிறகு, நடு ரோட்டில் நின்று "ஸ்கொயர்" என்று கத்தினேன். அப்போதுதான் கையைப் பார்த்தேன். பை இல்லை. என் ஒரிஜினல் மார்க்‌ஷீட், சாதிச் சான்றிதழ், எல்லாம் அதில்.

வார்த்தை தேடி வாழ்க்கையைத் தொலைத்தவள் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"நீ வரிசையில நில்லு, நான் போறேன்" என்றாய்.

"உன் நம்பர் எனக்கு முன்னாடி இருக்குதேடி."

"கூப்பிட்டா வந்துக்கிட்டு இருக்கான்னு சொல்லு. பேப்பர் இல்லாம உள்ள போயி நீ என்னாத்த காட்டுவ?" உன் ஃபைலை என் கையில் திணித்துவிட்டு ஓடினாய்.

உன் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார்கள். "வெளிய போயிருக்காங்க சார், வந்துருவாங்க" என்றேன். அதிகாரி அடுத்த பெயருக்குப் போய்விட்டார். உன்னிடம் ஒருநாளும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். உன் முறை போய்விட்டதே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பை கிடைத்ததா, அது ஒன்றுதான் மனதில் இருந்தது. உன் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் பையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோ ஸ்டாண்டில் போய் ஏ, கியூ வண்டி எது என்று நீ கேட்டிருக்கிறாய். அந்த எழுத்தில் அங்கே ஒரே வண்டிதான். ஒருவர் போன் போட்டுக் கேட்டு, பெரியாஸ்பத்திரி வாசலில் நிற்கிறது என்றாராம். அங்கேயும் ஓடியிருக்கிறாய். அறுந்த செருப்பு ஒரு கையிலும் என் பை மறு கையிலுமாக நீ வந்து நின்றதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"உங்க பேரு முடிஞ்சிபோச்சேம்மா" என்றார் அந்த அதிகாரி.

"கடைசியில நிக்கிறேங்க சார். இவ பேப்பர மொதல்ல பாத்துருங்க."

சாயங்காலம் வரை சாப்பிடாமல் நின்றாய். கடைசி ஆளாக உன்னையும் பார்த்தார்கள். இருவருக்கும் வேலை வந்தது, ஆளுக்கொரு சங்கத்தில். திரும்பும்போது பஸ்ஸில் உன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தேன். "ஸ்கொயருக்கு உனக்குப் பாயின்ட் கெடையாது, வண்டிய வுட்டு எறங்கினப்புறம் சொன்ன" என்று வாயை அடைத்துவிட்டாய். போன ஐப்பசியில் நான்கே நாள் காய்ச்சலில் நீ போனபோதும் அந்த நன்றி சொல்லாமலே கிடந்தது. இப்போது சொல்கிறேன். நான் சம்பாதித்துச் சாப்பிடும் சோறு நீ ஓடி வாங்கிக் கொடுத்தது.

போன வாரம் எங்கள் சங்கத்தில் பயிர் இன்சூரன்ஸ் மனுவுக்குக் கடைசி நாள். வத்தல்மலையிலிருந்து வந்த ஓர் அம்மா நிலத்தின் சிட்டா நகலை, வந்த ஜீப்பிலேயே விட்டுவிட்டார். செயலாளர் பதிவேட்டை மூடச் சொன்னார். "நீங்க கெளம்புங்க சார், நான் இருக்கேன்" என்றேன். ஜீப்பைத் தேடிப் பிடித்து, மூச்சு வாங்க அந்த அம்மா திரும்பி வந்தார். பெயரைப் பதிந்துகொண்டு தண்ணீர் கொடுத்தேன். "எனக்காவவாங்க இந்நேரம் உக்காந்திருந்தீங்க?" என்று கேட்டார்.

அவரிடம் உன் கதையைச் சொன்னேன். நீ ஓடியதையும், நான் பையை நினைத்துக்கொண்டு நின்றதையும், ஒன்று விடாமல்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்றார்.

"பென்னாகரத்துலங்க" என்றேன். வேறு மாதிரி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.