கத்தரித்த பன்னிரண்டு நாற்றுகள்

அன்புள்ள டெஸ்ஸா,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்காருகிறேன். வெலிங்டனில் குளிர் ஏறத் தொடங்கியிருக்கும், அந்தக் கனத்த கோட்டை அலமாரியிலேயே வைத்திராமல் போட்டுக்கொள். இங்கே உன் அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறு நாள், காயம் ஒழுங்காக ஆறுகிறது, நேற்று வார்டுக்குள் இரண்டு நடை நடந்தாராம். எனக்குத்தான் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இந்த நான்கு வரிக்குள் இரண்டு முறை தோட்டத்துக்குப் போய்வந்துவிட்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அப்பா கேட்டது ஒன்றுதான், மே முதல் வாரத்தில் லீக் நாற்றுகளைப் பாத்தியில் நட்டுவிடு என்று. டிசம்பரிலிருந்து உன் அறையில் விளக்குப் போட்டு வளர்த்த, இப்போது வெங்காயத்தாள் போல நிற்கும் பதினாறு நாற்றுகள், செப்டம்பரில், யார் லீக் பருமன் என்று பார்க்கும் தோட்டக் கிளப் போட்டி மேசைக்குப் போக வேண்டியவை. நான் எதையும் புத்தகத்தில் பார்த்துச் செய்கிறவள் என்பது உனக்குத் தெரியும். வேரைக் குட்டையாக நறுக்கு, இலை நுனியைக் கத்தரி, கம்பால் குழி போட்டு இறக்கு, மண்ணை மூடாமல் தண்ணீர் மட்டும் ஊற்று என்று இருந்தது, அப்படியே செய்தேன். அது சமையலுக்கு வளர்க்கிறவர்களுக்கு எழுதியது. போட்டி லீக்கில் ஒரு வேரைக்கூடத் தொடக் கூடாதாம், தொட்டால் அடித்தண்டு பருக்காதாம். பன்னிரண்டு முடித்திருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் நார்மன் வந்து நின்று, "என்ன கண்ணு, சூப்புக்கா நடுற?" என்றார். என் கையில் கத்தரிக்கோலைப் பார்த்ததும் அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

அன்று சாயங்காலமே ஒரு செருப்புப் பெட்டியில் தன் நாற்றுகள் பன்னிரண்டைக் கொண்டுவந்தார். "கீத்துக்குத் தெரிய வேணாம். நெஞ்சத் தெறந்து மூடியிருக்காங்க, இத வேற தாங்குவானா?" இருபது வருடமாக அப்பாவோடு போட்டி போடுகிறவர், பெற்ற மகனுக்கே தன் ரகத்தில் ஒரு நாற்றுக் கொடுக்காதவர். பெட்டி இரண்டு நாள் சமையலறையில் இருந்தது, நடவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. அப்பா தினமும் இலை நிமிர்ந்துவிட்டதா என்று கேட்பார், நிமிர்ந்துவிட்டது என்பேன். நீயும் அவரிடம் பேச்செடுக்காதே என்று உனக்கு ஒரு கடிதம்கூட எழுதினேன். பிள்ளையையும் பொய்க்குக் கூட்டுச் சேர்க்கிறேனே என்று கிழித்துப் போட்டேன்.

இன்று மதியம் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நெஞ்சுக் கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். எனக்கு நர்ஸைக் கூப்பிடலாமா என்று இருந்தது. பிறகு, எத்தனை தப்பியது என்று கேட்டார். நாலு என்றேன். "போட்டிக்கு ஜோடிதானே வைக்கணும், ரெண்டு போதும்" என்றார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்து, பையில் கொண்டுபோயிருந்த நார்மன் பெட்டியையும் எடுத்துக் காட்டினேன். "நார்மனா? தானாவா கொண்டாந்தான்?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்போதுதான் அவர் கண் கலங்கியது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார். கொடுத்தபோது நார்மன் உள்ளே எட்டிப் பார்த்து எண்ணி, ஒன்று குறைகிறது என்றார். அதை ஆஸ்பத்திரி ஜன்னலில் ஒரு டம்ளரில் வைத்திருக்கிறார் உன் அப்பா என்றேன்.

நல்லபடியாக இரு, வேளைக்குச் சாப்பிடு, எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அவரிடம் லீக்கைப் பற்றித் தாராளமாகக் கேள். இன்று உறைபனி விழும் என்கிறார்கள், அந்த நாலையும் இன்னொரு தரம் மூடிவிட்டு வருகிறேன்.

உன் அம்மா,
லிண்ட்சி